வெள்ளை டூட்டுவை வாளியில் முக்கலாமா?

கேள்வி இதுதான்: சென்னையில் பாலே நடனம் கற்கும் பத்து வயதுப் பெண்ணின் டிசம்பர் மேடை உடை, டூட்டு. வெள்ளை நிறம், இடுப்பைச் சுற்றித் தாம்பாளம் போல விரியும் விறைப்பான நெட், மார்புப் பகுதியில் கல்லும் சம்கியும். இரண்டு காட்சி ஆடியதில் அக்குளில் வியர்வை வாடை, கழுத்தோரம் மேக்கப் கறை. டிரை கிளீனிங் கடைக்காரர் ‘கல் உதிர்ந்தா நான் பொறுப்பில்ல’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏப்ரலில் மறுபடி இதே உடை வேண்டும். வீட்டில் துவைக்கலாமா?

முக்கித் துவைக்காதீர்கள். கடைக்காரர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் வாடையையும் கறையையும் வீட்டிலேயே எடுத்துவிடலாம். உடை முழுக்க நனைய வேண்டியதில்லை. எந்த இடம் அழுக்கோ அதை மட்டும், அதுவும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

ஏன் முக்கக் கூடாது என்பதற்கு உடையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டூட்டு என்பது ஒரே துணியில் தைத்த பாவாடை இல்லை. உள்ளே ஜட்டி போன்ற ஒரு பகுதி இருக்கும். அதன்மேல் நெட்டைச் சுருக்கிச் சுருக்கி வரிசை வரிசையாகத் தைத்திருப்பார்கள். தொடையோரம் நாலு விரல் அகலத்தில் தொடங்கி, மேலே வர வர அகலம் கூடும். பெரியவர்களின் உடையில் பத்துப் பன்னிரண்டு அடுக்கு, சிறுமிகளுக்கு ஆறேழு அடுக்கு இருக்கும். சிலவற்றில் நடு அடுக்கு ஒன்றில் தட்டையான எஃகுக் கம்பி வளையம் கோத்திருக்கும். அடுக்குகள் தனித்தனியாகத் தொங்கிவிடாமல் இருக்க, இடையிடையே நூலைத் தளர்வாக விட்டுப் பிணைத்திருப்பார்கள். இடுப்புக்கு மேலே லைனிங் வைத்த மேல்சட்டை. அதன் உள்ளே எலும்பு போல வளையும் பிளாஸ்டிக் பட்டை, பின்னால் இரண்டு மூன்று வரிசை கொக்கி, வெளியே சம்கி, கல், லேஸ்.

இந்த நெட் விறைப்பாக நிற்பதற்கு அதன் நூல் மட்டும் காரணமில்லை. ஆலையில் அதன்மேல் ஏற்றிய பூச்சும் சேர்ந்துதான் நிற்க வைக்கிறது. தையல்கடையில் பாவாடை உப்பி நிற்க உள்ளே வைக்கிறார்களே, கேன்கேன் நெட், அதைத் துவைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முதல் துவையலில் பாதி விறைப்பு போகும், இரண்டாவதில் துவண்டுவிடும். டூட்டுவில் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. பத்து அடுக்கு நெட் தண்ணீரைக் குடித்தால் எடை பல மடங்காகும். அந்த எடையில் பிணைப்பு நூல்கள் அறும், அடுக்குகள் ஒன்றோடொன்று சிக்கும். கம்பி வளையம் இருந்தால் துரு இறங்கும். வெள்ளை நெட்டில் விழுந்த துருக்கறை போகாது. சில பெரிய நாடக அரங்குகளின் உடைப்பிரிவில் டூட்டுவைத் தொட்டியில் முக்கி எடுப்பதும் உண்டு. அவர்களிடம் அறுந்ததைப் பிணைக்கவும் தளர்ந்த நெட்டை மாற்றவும் ஆள் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் உடை நிஜமாகவே இந்த வகைதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்டின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி மடித்து விடுங்கள். டக்கென்று நிமிர்ந்தால் விறைப்பு நெட். மடிந்த இடம் மெதுவாகச் சரிந்தால் சாஃப்ட் நெட். கணுக்கால் பக்கம் வரை மணி போலத் தொங்கும் நீளப் பாவாடைகள் பெரும்பாலும் சாஃப்ட் நெட்தான். குழந்தைகளின் ஆண்டு விழாவுக்கென்று ஆயத்தமாக வாங்கும் உடைகள் பல, நீச்சலுடை போன்ற நைலான்–ஸ்பாண்டெக்ஸ் உடையின் இடுப்பில் சாஃப்ட் நெட்டைச் சுற்றித் தைத்தவை. இவற்றைக் கையால் துவைக்கலாம். அந்த முறை பின்னால் வருகிறது. ‘தாம்பாளம் போல’ என்று எழுதியிருப்பதால் உங்களுடையது விறைப்பு வகை என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வாடைக்கு மருந்து ஓட்கா. கேலி இல்லை. பாலே, நாடக உடைப்பிரிவுகளில் காலங்காலமாகப் புழங்கும் வழி இது. வியர்வைக்குத் தன்னளவில் வாடை குறைவு. துணியில் தங்கும் பாக்டீரியா அதைத் தின்று கழிப்பதில்தான் நாற்றம் பிறக்கிறது. 40 சதவீத ஆல்கஹால் அந்தப் பாக்டீரியாவை ஓரளவு அடக்கிவிட்டு, தானும் ஆவியாகிப் போய்விடும். துணியில் வாசனையும் தங்காது, பிசுக்கும் தங்காது. அதனால்தான் நறுமணம் சேர்க்காத, மலிவான ஓட்காவைத் தேடுகிறார்கள். ஜின்னுக்கு மணம் உண்டு, விஸ்கிக்கும் ரம்முக்கும் நிறம் உண்டு, அவை உதவா.

வீட்டில் ஓட்கா வாங்கி வைக்கத் தயக்கம் இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 60 மில்லியோடு 40 மில்லி தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அதே வீரியம் வந்துவிடும். வாங்கும்போது புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். வேறு எண்ணெயோ சாயமோ சேர்க்காததாக இருக்க வேண்டும். பிரிட்டனில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று விற்பதில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், அடித்த இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கும். லண்டன் உறவினர் கொண்டுவந்து கொடுத்தாலும் அதை உடைக்கு எடுக்காதீர்கள். கை கழுவும் சானிட்டைசர் ஜெல்லும் வேண்டாம், அதிலுள்ள கெட்டிப்பொருள் துணியில் காய்ந்து ஒட்டும்.

அடிக்கும் முறை: ஓட்காவையோ ஆல்கஹால் கலவையையோ ஸ்பிரே புட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். மேல்சட்டையின் கொக்கிகளைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி விரியுங்கள். அக்குள், முதுகு, இடுப்புப்பட்டி, ஜட்டியின் உள்பக்கம், இந்த நான்கு இடம்தான். ஒரு சாண் தூரத்திலிருந்து, தொட்டால் ஈரம் தெரியும் அளவுக்கு அடியுங்கள். அக்குளுக்கு ஐந்தாறு அழுத்து பிடிக்கும். சொட்டச் சொட்ட வேண்டாம். வெளிப்பக்கம், அதாவது கல் பக்கம் அடிக்கவே கூடாது. ஆல்கஹால் பட்டால் சில பிளாஸ்டிக் கற்களில் முடிபோல நுண்ணிய விரிசல் ஓடும், அடியில் பூசிய வெள்ளிப் பூச்சும் உரியும். முதல் தடவை என்றால் உள்தையலில் ஓரிடத்தில் அடித்து, வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். அடித்தபின் மின்விசிறிக்கு எதிரே இரண்டு மூன்று மணி நேரம். ஆல்கஹால் தீப்பற்றும். சாமி விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு இருக்கும் பக்கம் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நேரம்தான் இதில் பாதி வெற்றி. ஆடி முடித்து உடை கழற்றிய அரை மணிக்குள் அடித்துக் காற்றாட விட்டால் வாடை ஏறவே ஏறாது. நடப்பது என்னவோ வேறு: உடையைப் பிளாஸ்டிக் கவரில் திணித்து, காரின் டிக்கியில் போட்டு, விருந்து முடிந்து, மறுநாள் மதியம் பிரிப்பார்கள். உடை கெட்டுப்போவதில் பெரும்பங்கு அந்தப் பதினெட்டு மணி நேரத்தில்தான். உங்கள் உடை டிசம்பரிலிருந்து அப்படியே கிடந்ததால் ஒரு தடவையில் போகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை அடித்துக் காயவிடுங்கள்.

ஓட்கா பாக்டீரியாவைக் கவனிக்கும், வியர்வையின் உப்பை எடுக்காது. உப்பு லைனிங்கிலேயே தங்கி, ஈரக்காற்றை இழுத்து, கொக்கியைத் துருப்பிடிக்க வைக்கும். பட்டாக இருந்தால் இழையையே மெல்ல இற்றுப்போகச் செய்யும். ஆகவே மூன்று நான்கு முறை உடுத்தியபின் ஒருதடவை நுரை ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

அரை லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் மென்திரவச் சோப்பு. ஸ்வெட்டர் துவைக்க வாங்கும் ஈஸி மாதிரியானது போதும். துவைக்கும் பவுடர் வேண்டாம். அதில் காரம் அதிகம், பலவற்றில் புரதத்தைக் கரைக்கும் என்சைமும் இருக்கும். பட்டும் புரதம்தான், அதற்குக் கறைக்கும் பட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கலக்கியதை முட்டை அடிக்கும் கரண்டியால் நுரை பொங்க அடியுங்கள். வேலைக்கு எடுப்பது நுரையை மட்டும், தண்ணீரை அல்ல. லைனிங்குக்கும் மேல்துணிக்கும் நடுவில், கை நுழையும் இடமிருந்தால், ஒரு உலர்ந்த கைத்துண்டைச் செருகுங்கள். பழைய வெள்ளை பனியன் துணியில் நுரையை அள்ளி, லைனிங்கில் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் துணி நைந்துபோகும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் இரண்டு முறை, கடைசியாக உலர்ந்த துணியால் அழுத்தி ஒருமுறை. நனைந்த இடத்துக்கும் நனையாத இடத்துக்கும் நடுவே கோடு விழும், அதுதான் இதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஈரத்தின் விளிம்பைச் சுற்றி, கிட்டத்தட்டக் காய்ந்த துணியால் வெளிப்புறமாக நீவிவிட்டால் கோடு மங்கிவிடும். காயவைக்க மின்விசிறி, அவசரமென்றால் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளையில் பழுப்பு ஏறும். உப்பு அதிகமென்றால் காய்ந்தபின் வெண்பொடி தெரியும். மொத்தமே இரண்டு லிட்டர்தான் செலவாகும், கேன் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கறைகள். ஒவ்வொன்றுக்கும் கை வேறு.

கழுத்தோரத்து ஃபவுண்டேஷன் பெரும்பாலும் எண்ணெயோ சிலிக்கோனோ கலந்தது, வெறும் தண்ணீர் அதைப் பரப்பத்தான் செய்யும். முதலில் காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் பொடியைத் தட்டிவிடுங்கள். மேக்கப் கலைக்கும் மைசெல்லர் வாட்டரைப் பஞ்சில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்தால் கறை வட்டமாக விரியும். பஞ்சு நிறம் மாறியதும் புதுப் பஞ்சு. பத்துப் பன்னிரண்டு பஞ்சு தாராளமாகப் போகும். இன்னும் நிழல் போலத் தெரிந்தால், பாத்திரம் விளக்கும் திரவத்தில் ஒரு சொட்டை மேலே சொன்ன நுரையில் சேர்த்து ஒற்றிவிட்டு, தண்ணீர்த் துணியால் எடுங்கள். கல் நெருக்கமாக இருக்கும் இடத்தில் காது குடையும் பஞ்சுக்குச்சிதான் கைகொடுக்கும், ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் போக வேண்டியிருக்கும். பொறுமை தீர்ந்துபோய் ‘ஒரே தேய்’ தேய்த்தால் கறையோடு கல்லும் வந்துவிடும்.

உதட்டுச்சாயம் மெழுகு. ஸ்பூன் விளிம்பால் மேலாக வழித்துவிட்டு, அதே ஆல்கஹால் கலவையைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒற்றலாம். ஹேர் ஸ்பிரே பட்டு மொரமொரப்பான இடத்துக்கும் ஆல்கஹாலே. ஷூவில் வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் ரோசின் பொடி நெட்டிலோ, காலோடு ஒட்டி உடுத்தும் டைட்ஸிலோ ஒட்டியிருந்தால் சோப்புக்கு அசையாது. அது பைன் மரத்துப் பிசின், ஆல்கஹாலில் கரைந்துவிடும். நம் ஊருக்கே உரிய கறை ஒன்று உண்டு: கொண்டை போட்ட தலையிலிருந்து முதுகுப்பட்டியில் இறங்கும் தேங்காய் எண்ணெய். சோளமாவைத் தூவி, அழுத்தி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டிவிட்டுப் பிறகு நுரை ஒத்தடம். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே எண்ணெய் வைக்காவிட்டால் இந்த வேலையே இல்லை.

ரத்தம், விரல் நுனியில் கொப்புளம் உடையும் கால்களுக்கு இது சகஜம். குளிர்ந்த தண்ணீர் மட்டும். சூடு பட்டால் ரத்தப் புரதம் இறுகி இழையோடு பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பருத்தி, நைலானில் மிச்சம் தெரிந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சொட்டு வைத்து, நுரை அடங்கியதும் தண்ணீர்த் துணியால் எடுங்கள். அக்குள் மஞ்சளுக்கும் இதையே வெள்ளை லைனிங்கில் பத்து நிமிடம் விட்டுப் பார்க்கலாம். அந்த மஞ்சள் வியர்வையால் மட்டும் வருவதில்லை, வியர்வையடக்கியில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து செய்வது. நிறத்துணி, பட்டு, சரிகை பக்கம் பெராக்சைடைக் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டு அலமாரியிலிருந்து இந்த உடையை நோக்கி வரக்கூடாதவை நான்கு. குளோரின் பிளீச்: நைலானையும் ஸ்பாண்டெக்ஸையும் மஞ்சளாக்கி இற்றுப்போக வைக்கும், வெளுக்காது. நெயில் பாலிஷ் ரிமூவர்: அசிட்டோன், அசிட்டேட் சாட்டினைக் கண்ணெதிரே கரைக்கும். துணிக்குக் கடைசி அலசலில் விடும் வாசனைக் கண்டிஷனர்: அதன் வேலையே துணியை வழவழவென்று துவள வைப்பது, டூட்டுவுக்கு அதற்கு நேரெதிர் வேண்டும். நாலாவது உஜாலா மாதிரியான நீலம். வெள்ளை என்றதும் கை அங்கேதான் போகும். வேட்டியில் மறுதுவையலில் அலசிப்போகும் நீலத்தை நைலான் பிடித்துக்கொண்டு விடாது, திட்டுத் திட்டாக நிற்கும்.

அதேபோல் கஞ்சி. துவண்ட நெட்டுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி போடலாமே என்பது, பருத்திப் புடவை கட்டும் வீட்டில் இயல்பாக வரும் யோசனை. நைலான் நெட்டின் வழவழப்பான இழையில் கஞ்சி ஊறாது, ஓட்டைகளில் ஏடுபோலப் படியும். ஆடும்போது வெண்பொடியாக உதிரும், கறுப்பு மேடையில் பளிச்சென்று தெரியும். பிறகு ராமபாணப்பூச்சியும் கரப்பானும் கஞ்சி வாசத்துக்கு வந்து சேரும்.

ஆனால் பாலேயில் கஞ்சிக்கு ஒரு காலம் இருந்தது. 1832இல் பாரிஸ் ஓப்பராவில் ‘லா சில்ஃபீட்’ ஆடிய மரி தாக்லியோனியின் மணி வடிவ வெள்ளைப் பாவாடையிலிருந்துதான் இந்த உடையின் கதை தொடங்குகிறது. அந்த நூற்றாண்டில் புழங்கிய டார்லட்டன் என்பது கஞ்சியேற்றிய மெல்லிய மஸ்லின். மேடைவிளக்கோ கேஸ். பாவாடைகள் தீப்பிடித்து ஆட்டக்காரிகள் இறந்ததால், துணியை ஒரு ரசாயனக் கரைசலில் முக்கித் தீப்பற்றாமல் செய்யும் முறை வந்தது, 1859இல் பாரிஸ் அரங்குகளுக்கு அதைக் கட்டாயமும் ஆக்கினார்கள். முக்கினால் துணி மங்கி, அழுக்காகத் தெரிந்தது, விழவேண்டிய விதத்தில் விழவில்லை. எம்மா லிவ்ரி என்ற இளம் நட்சத்திரம் அதை உடுத்த மறுத்தார். 1862 நவம்பரில் ஒத்திகையில் அவர் பாவாடையில் கேஸ் சுடர் பற்றியது, எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். நெட்டை எதிலாவது முக்கினால் அதன் விழும் விதமே மாறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அந்த அறிவுதான் அவருக்கு வினையானது. இன்றைய நைலான் நெட்டும் நெருப்பில் உருகி உடம்பில் ஒட்டக்கூடியது. அலங்கார விளக்கு, பிறந்தநாள் மெழுகுவத்தி பக்கம் டூட்டுவோடு குழந்தையை நிறுத்திப் படமெடுக்க வேண்டாம்.

சரி, துவண்ட நெட்டை எப்படி நிமிர்த்துவது? ஆவி. துணிக்கென்று விற்கும் கை ஸ்டீமர் போதும். டூட்டுவைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஜட்டியின் இரண்டு பக்கமும் கிளிப் போட்டு ஹேங்கரில் மாட்டினால் அடுக்குகள் மறுபக்கமாகச் சரியும், இத்தனை நாள் கீழ்நோக்கித் தொங்கிய சோர்வு எதிர்த்திசையில் எடுபடும். ஓர் இரவு அப்படியே விட்டாலே பாதி சரியாகும். மறுநாள் ஒரு சாண் தூரத்திலிருந்து ஆவி காட்டி, ஒவ்வொரு அடுக்காக விரலால் ஓரத்தைப் பிடித்து நீவிவிடுங்கள். ஒரே இடத்தில் நான்கைந்து நொடிக்கு மேல் நிற்காதீர்கள். ஸ்டீமர் சில சமயம் சூடேறும்முன் தண்ணீரைத் துப்பும், முதல் சில நொடி வேறு பக்கம் பிடித்துவிட்டுப் பிறகு திருப்புங்கள். இஸ்திரிப்பெட்டி வேண்டவே வேண்டாம். சூடான அடிப்பாகத்தில் நெட் நொடியில் சுருங்கி ஒட்டும். மேல்சட்டைக்கு ஆவி காட்டும்போது கல் பக்கம் போகாதீர்கள். சூடாக்கி ஒட்டும் வகைக் கல்லின் பசை மறுபடி இளகிவிடும்.

சாஃப்ட் நெட் உடையைத் துவைப்பவர்களுக்கு, முறை இது. உள்தையலில் ஈரப் பஞ்சுக்குச்சியை அரை நிமிடம் அழுத்திச் சாயம் பாருங்கள். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த உடையில் பஞ்சில் துளி நிறம் தெரிந்தாலும் துவையலை விட்டுவிட்டு ஒத்தடத்துக்குப் போங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் அகல டப்பில் 10 லிட்டர் குளிர்ந்த தண்ணீர், 2 டீஸ்பூன் மென்திரவம். கொக்கிகளை மாட்டிவிட்டு இறக்குங்கள், இல்லாவிட்டால் அவை நெட்டைக் கிழிக்கும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. அழுத்தி அழுத்தி விடுவதோடு சரி, கசக்கக் கூடாது. நுரை போகும்வரை இரண்டு மூன்று அலசல். முறுக்காமல் பெரிய துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, வலைக்கட்டிலிலோ துணி உலர்த்தும் ஸ்டாண்டின் கம்பிகள்மேலோ படுக்க வைத்து நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு தோள்பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டால், தண்ணீர் எடை பட்டையை இரண்டு விரல் நீட்டிவிடும். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் அடர்நிறப் பட்டுக்கு நல்லதுதான், ஆனால் அதன் பழுப்பு வெள்ளையில் இறங்கும்.

பாட்டி காலத்து அல்லது பழம்பொருளாக வாங்கிய உடையென்றால் சம்கியைச் சோதிக்காமல் ஈரம் காட்டாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெலட்டினில் செய்த சம்கி புழங்கியது. வெந்நீர் பட்டால் கரைந்தே போகும்.

டிரை கிளீனிங்குக்கே கொடுப்பதாக இருந்தாலும், கல்லும் சம்கியும் தைத்தவையா ஒட்டியவையா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே பயன்படுத்தும் கரைப்பான்கள் பசையை விடுவிக்கும், சில சம்கிகளின் நிறத்தை உரித்துவிடும், சிலவற்றைச் சுருள வைக்கும். தைத்தவை மட்டும் உள்ள உடையை, பட்டு லெஹங்கா வேலை பார்த்துப் பழகிய கடையில் கொடுக்கலாம்.

டைட்ஸும் ஷூவும் சுருக்கமாக. டைட்ஸை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். பாதத்தின் கறுப்பை முதலில் தனியாகச் சோப்பு போட்டு எடுத்துவிட்டு, வலைப்பையில் குளிர்நீரில். ஈரத்தைப் பிழிய முறுக்கினால் ஸ்பாண்டெக்ஸ் இழை அறுந்து முழங்காலில் தொளதொளக்கும். விரல்நுனியில் நிற்கும் பாயிண்ட் ஷூவின் முனை, துணியும் சாக்கும் பசையும் அடுக்கிச் செய்தது. தண்ணீர் பட்டால் பசை இளகி முனை குழையும், நிற்கும் காலுக்கே ஆபத்து. வியர்வையில் நனைந்ததை, உள்ளே வைத்த விரல் உறையை எடுத்துவிட்டு, வலைப்பையில் காற்றோட்டமாக ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். சாட்டின் அழுக்கைத் தேய்த்து எடுக்க முயல்வதைவிட, மேலே காலமைன் லோஷனைப் பஞ்சில் தொட்டு மெல்லப் பூசினால் கறையும் மறையும், மேடையில் அந்தப் பளபளப்பும் அடங்கும். ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான் அது.

எடுத்து வைக்கும்போது டூட்டு பீரோவுக்குள் நுழையாது, நுழைக்கவும் வேண்டாம். படுக்க வைப்பதுதான் நல்லது, பீரோவின் தலைமேல் வெளியே அதற்குத் தோதான இடம். மேல்சட்டையை உள்ளே மடித்து, நெட் தட்டையாகப் படுக்கும்படி வைக்க வட்டப்பை ஒன்று வேண்டும். கஞ்சியும் நீலமும் போகத் துவைத்த பழைய நாலுமுழ வேட்டியில் தைத்துக்கொள்ளலாம். டூட்டுவின் விட்டம் 75 சென்டிமீட்டர் என்றால் பைக்கு 85 சென்டிமீட்டரில் இரண்டு வட்டம், சுற்றில் பாதிக்குச் சற்று மேலே ஜிப். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவர் ஈரத்தை அடைத்துப் பூஞ்சணம் பூக்க வைக்கும். மலிவான பிளாஸ்டிக்கும் அட்டைப்பெட்டியும் வெள்ளை நைலானை மெல்ல மஞ்சளாக்குவதும் உண்டு. பாச்சை உருண்டையின் வாடை நெட்டில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது. அதற்குப் பதில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து போதும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பையைத் திறந்து மின்விசிறியடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பைமேல் எதையும் அடுக்காதீர்கள், தலையணைகூட.

உடுத்தும் நாளில் சில பழக்கங்கள் பிறகு வரும் வேலையைப் பாதியாக்கும். மேக்கப் முழுக்க முடிந்து காய்ந்தபின் உடை, காலிலிருந்து ஏற்றி உடுத்த வேண்டும், தலைவழியாக அல்ல. வியர்வையடக்கி போட்டுப் பத்து நிமிடம் கழித்து மேல்சட்டை. சென்ட் உடையின்மேல் படக் கூடாது. உடையோடு தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கவோ தின்னவோ கூடாது, உட்காரவும் கூடாது. அக்குளில் பருத்தித் துணியில் பிறை வடிவத்தில் சின்னப் பட்டை வெட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்து, லைனிங்கில் நான்கு தையலில் பிடித்துவிட்டால், ஆட்டம் முடிந்ததும் அதை மட்டும் பிரித்துத் துவைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரலுக்கு நீங்கள் செய்ய வேண்டிய வரிசை: இந்த வாரம் ஓட்கா மூன்று முறை, அடுத்த வாரம் நுரை ஒத்தடமும் கழுத்துக் கறையும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆவி. அப்போதே ஒரு தடவை உடுத்தச் சொல்லிப் பாருங்கள். இந்த வயதில் நான்கு மாதத்தில் உடம்பு வளர்ந்திருக்கும். பின்னால் இரண்டு மூன்று வரிசை கொக்கி வைத்திருப்பதே அதற்காகத்தான், வெளிவரிசைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கொக்கியையும் விரலால் இழுத்துப் பார்த்து ஆடுவதைத் தைத்துவிடுங்கள். அடுக்குகளுக்கு நடுவே அறுந்த பிணைப்பு நூல் தெரிந்தால் இரண்டு சென்டிமீட்டர் தளர்வு விட்டு முடிச்சுப் போடுங்கள், இறுக்கினால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். நெட்டில் சின்னக் கிழிசல் இருந்தால் தைக்காமல் விடுவதே மேல். பத்தடி தூரத்தில் கிழிசல் தெரியாது, தையல் தெரியும்.